அங்கே நல்லவர்கள், இங்கே மட்டும் எப்படிக் கெட்டவர்கள் ஆவார்கள்?



இது நீண்ட பதிவு. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். பாதியில் கோபம் வந்தால் மீதியையும் படித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள். பரீட்சைத் தாளைக்கூட முழுதும் படித்த பிறகுதான் மார்க் போட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

கடந்த அக்டோபரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் 22 பேர் சேர்ந்து எட்டு நாள் உஸ்பெகிஸ்தான் போய் வந்தோம். தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா. படங்களை இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள், நன்றி. வந்த கருத்துகளில் மூன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: "டீச்சர், முஸ்லிம் நாட்டுக்கா போனீங்க? பயமா இல்லையா?"

இரண்டு: "அத்தை, பொட்டு வச்சுக்கிட்டு வெளிய போக விட்டாங்களா?"

மூன்று: "பாத்தா அங்க இருக்கிறவங்க நல்லாத்தான் இருக்காங்க. நம்ம ஊர்ல இருக்கிறவங்கதான் மோசம்."

முதல் இரண்டும் கேள்விகள். கேள்வி கேட்பவரைக் கோபிக்க ஆசிரியருக்கு உரிமை இல்லை. அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது தீர்ப்பு. அந்தக் கருத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக லைக். போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மீதிப் பேர் என் வீட்டுக் கல்யாணங்களில் பந்தியில் உட்கார்ந்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "முஸ்லிம் நாடு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

நம் குடும்பத்திலேயே கணக்கெடுத்துப் பாருங்கள். துபாயில் இரண்டு பேர், மஸ்கட்டில் ஒருவர், குவைத்தில் ஒருவர். மாதம் பிறந்தால் பணம் வருகிறது. அந்தப் பணத்தில் மாடி கட்டியிருக்கிறோம். தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் அந்த ஊர்களை எப்படிச் சொல்கிறோம்? "பையன் ஃபாரின்ல இருக்கான்." ஒரு நாளாவது "பையன் முஸ்லிம் நாட்டில் இருக்கிறான்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சமர்கண்டில் ஒரு சாயங்காலம் நம் தமிழ்ப் பிள்ளைகளைச் சந்தித்தோம். மருத்துவம் படிக்க வந்தவர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது அந்த நாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். சேலையைப் பார்த்ததும் "ஆன்ட்டி, தமிழா?" என்று ஓடி வந்தார்கள். நான்கு பெண்கள். ஒரே அறையில் தங்கி, முறை வைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அதில் ஒரு பெண் முஸ்லிம், மற்ற மூவர் இந்து. புளி தீர்ந்துபோய்விட்டது என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. எங்கள் சமையல்காரர் கொண்டு வந்திருந்த புளிக்காய்ச்சலில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தோம். பதினெட்டு வயதில் பெண்ணைத் தனியாக விமானம் ஏற்றி அனுப்பிய பெற்றோருக்கு அது "வெளிநாடு". பாதுகாப்பான ஊர், ஃபீஸ் குறைவு, அவ்வளவுதான். அதே ஊருக்கு 66 வயதுக்காரி எட்டு நாள் சுற்றுலா போனால் மட்டும் அது "முஸ்லிம் நாடு" ஆகிவிடுகிறது.

சம்பளம் வந்தால் ஃபாரின், படிப்பு என்றால் வெளிநாடு, பயம் காட்ட வேண்டுமென்றால் முஸ்லிம் நாடு. ஒரே இடத்துக்கு நாம் வைத்திருக்கும் மூன்று பெயர்கள் இவை. எந்தப் பெயரை எப்போது எடுக்கிறோம் என்று கவனியுங்கள்.

இனி பொட்டு. உஸ்பெகிஸ்தானில் மக்களில் பத்தில் ஒன்பது பேர் முஸ்லிம்கள். ஆனால் அரசியலமைப்பு அதை மதச்சார்பற்ற நாடு என்றுதான் சொல்கிறது. 1991 வரை சோவியத் ஒன்றியத்தில் இருந்த நாடு. தாஷ்கண்ட் மெட்ரோவில் ஜீன்ஸ் போட்ட பெண்ணும் தலையில் முக்காடு போட்ட பெண்ணும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இருவரும் எழுந்து இடம் கொடுத்தார்கள். சோர்சு சந்தையில் தங்கப்பல் கட்டிய ஒரு பாட்டி என் சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்து, பொட்டைக் காட்டிச் சிரித்து, நெஞ்சில் கையை வைத்து "ஹிந்திஸ்தான்!" என்றார். அங்கே வயதானவர்களுக்கு ராஜ் கபூரை நன்றாகத் தெரியும். 1954-இல் "ஆவாரா" சோவியத் நாட்டில் ஓடிய ஓட்டம் அப்படி.

பொட்டைப் பற்றிய பதில் இவ்வளவுதான். இனிமேல் உபசரிப்பைப் பற்றிப் பேசப்போவதில்லை. ரொட்டி கொடுத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள் என்று எழுதிக்கொண்டே போனால் நீங்கள் "ஆமா டீச்சர், அங்க நல்லவங்கதான்" என்பீர்கள். என் வாதம் அது இல்லை. சுற்றுலாப் பயணியிடம் எந்த ஊர்க்காரரும் நன்றாகத்தான் நடந்துகொள்வார். எட்டு நாளில் ஒரு நாட்டை அளந்துவிட முடியாது. நான் சொல்ல வருவது வேறு.

நான் கணக்கு டீச்சர். கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆறாம் வகுப்பில் முதன்முதலாக எண்ணுக்குப் பதில் "எக்ஸ்" போட்டபோது நீங்கள் விழித்த விழி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் அல்ஜிப்ரா என்று பெயர். "அல்-ஜபர்" என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் ஒரு புத்தகத்தின் தலைப்பில் இருந்தது. எழுதியவர் அல்-குவாரிஸ்மி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வேலை செய்தவர். அவர் பெயரே குவாரிஸ்ம் என்ற பகுதியைக் குறிக்கும். அந்தப் பகுதி இன்று பெரும்பாலும் உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அவர் பெயர் லத்தீனுக்குப் போய்த் திரிந்துதான் "அல்காரிதம்" என்ற சொல் வந்தது. சென்னையில் ஓ.எம்.ஆர். சாலையில் மென்பொருள் கம்பெனியில் இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் தினமும் உச்சரித்துச் சம்பளம் வாங்குவது ஒரு முஸ்லிம் கணித அறிஞரின் பெயரை.

அவர் இன்னொரு புத்தகமும் எழுதினார். இந்திய எண்களைப் பற்றியது. பூச்சியத்தோடு சேர்ந்த பத்து எண்களையும் வைத்து எப்படிக் கூட்டுவது, பெருக்குவது என்று விளக்கியது. அது லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போனது. "பூச்சியத்தைக் கண்டுபிடித்தது இந்தியா" என்று ஆகஸ்ட் 15-க்கு ஃபார்வேர்டு அனுப்புகிறீர்களே, அந்தப் பூச்சியத்தை மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் இந்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. "இது இந்தியர்களின் முறை" என்று பெயர் சொல்லியே எழுதினார்.

பத்தாம் வகுப்பில் சைன், காஸ் படித்தீர்கள். ஆரியபட்டர் காலத்தில் அதற்கு "ஜ்யா" என்று பெயர். அரபியில் அது "ஜிபா" ஆனது. பிறகு அதை "ஜைப்" என்று வாசித்தார்கள். ஜைப் என்றால் வளைவு, மடிப்பு. லத்தீனில் அந்தப் பொருளுக்கு "சைனஸ்" என்று எழுதினார்கள். அதுவே சைன். ஒரு சொல் மூன்று மதத்தார் கைமாறித்தான் உங்கள் ஜியோமெட்ரி பாக்ஸுக்கு வந்திருக்கிறது. யாரும் வழியில் நிறுத்தி, "நீ எந்த மதம்?" என்று கேட்கவில்லை.

சமர்கண்டில் உலுக் பெக் கட்டிய வானாய்வுக்கூடத்தைப் பார்த்தோம். 1420-களில் கட்டியது. இன்று மிஞ்சியிருப்பது நிலத்துக்கடியில் வளைந்து இறங்கும் ஒரு பெரிய கல் வில். அந்த வளைவின் ஆரம் சுமார் 40 மீட்டர். வட்டம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் நீளம் கூடும், அளவு துல்லியமாகும் என்று ஏழாம் வகுப்பில் பாகைமானியை வைத்துச் சொல்வேனே, அதை ஒரு அரசன் கல்லில் செய்து வைத்திருக்கிறான். தொலைநோக்கி வருவதற்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தை அளந்து அட்டவணை போட்டார்கள். ஓர் ஆண்டின் நீளத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழையோடு கணக்கிட்டார்கள். எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் அந்தப் பள்ளத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நகரவே இல்லை.

அந்த அட்டவணை என்ன ஆனது தெரியுமா? மூன்று நூற்றாண்டு கழித்து ஜெய்ப்பூர் அரசர் சவாய் ஜெய்சிங் அதைப் படித்து, அதைத் திருத்தி மேம்படுத்தத்தான் ஜந்தர் மந்தர்களைக் கட்டினார். அவர் இந்து அரசர். தன் அட்டவணைக்கு முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரை வைத்தார். டெல்லிக்குச் சுற்றுலா போனபோது ஜந்தர் மந்தர் முன்னால் நின்று படம் எடுத்தீர்களே, அதன் முன்னோர் சமர்கண்டில் இருக்கிறது.

உலுக் பெக்குக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1449-இல் அவருடைய சொந்த மகனே அவரைக் கொல்ல வைத்தான். வானாய்வுக்கூடம் பாழாகி மண்மூடிப் போனது. 1908-இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அறிவை வளர்த்தவரும் முஸ்லிம், அவரைக் கொன்றவரும் முஸ்லிம், இருவரும் ஒரே வீடு. இதில் "முஸ்லிம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவீர்கள்?

அடுத்து உங்கள் கேள்வி எனக்குத் தெரியும். பயணத்திலேயே கேட்டார்கள். "தைமூர் அங்கேயிருந்துதானே வந்தான்? பாபரும் அந்த ஊர்தானே?"

ஆமாம். தைமூர் 1398-இல் டெல்லியைச் சூறையாடினான். கொலைக்கு அளவில்லை. தாஷ்கண்டின் நடு மைதானத்தில் அவனுக்குக் குதிரை மேல் சிலை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சிலை பிடிக்கவில்லை. அங்கே நான் படம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் வரலாற்றுப் பாடத்தை அரைப் பக்கத்தோடு மூடிவைக்கக் கூடாது. டெல்லியில் அப்போது ஆண்டதும் முஸ்லிம் சுல்தான்தான். அதற்கு முன்னால் 1387-இல் இஸ்பஹானிலும், பின்னால் 1401-இல் டமாஸ்கஸிலும் பாக்தாதிலும் தைமூரின் படை கொன்று குவித்தது முஸ்லிம்களை. 1402-இல் அவன் சிறைபிடித்தது துருக்கியின் முஸ்லிம் சுல்தானை. பாபர் 1526-இல் பானிபட்டில் தோற்கடித்ததும் இப்ராகிம் லோடியை. ராஜ்யம் பிடிக்கப் போகிறவனுக்கு எதிரில் நிற்பவனின் கஜானா கண்ணில் படும், மதம் படாது.

அந்தப் பகுதியிலிருந்து இன்னொருவரும் இந்தியாவுக்கு வந்தார். அவர் பெயர் யாருக்கும் ஃபார்வேர்டில் வராது. அல்-பிரூனி. 973-இல் குவாரிஸ்மில் பிறந்தவர். கஜினி முகமது கோயில்களை இடித்த அதே காலத்தில், அவனுடைய அரசவையிலேயே இருந்தவர். ஆனால் அவர் சமஸ்கிருதம் படித்தார். பண்டிதர்களிடம் உட்கார்ந்து நம் கணக்கையும் வானியலையும் தத்துவத்தையும் கேட்டு, இந்தியாவைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். கஜினியின் படையெடுப்புகள் அந்த நாட்டின் வளத்தை நாசமாக்கின என்றும் அதிலேயே எழுதினார். ஒரே காலம், ஒரே அரண்மனை, ஒரே மதம். ஒருவன் கொள்ளையடிக்க வந்தான், ஒருவர் படிக்க வந்தார். கஜினி மட்டும் எப்போதும் "முஸ்லிம்". பிரூனி வெறும் "அறிஞர்". இந்தப் பங்கு பிரிப்பு நியாயமா?

"அதெல்லாம் பழைய கதை டீச்சர், இன்றைக்குத் தாலிபான் செய்வதைப் பாருங்கள்" என்பீர்கள். பார்க்கிறேன். உங்களைவிடக் கோபமாகப் பார்க்கிறேன். 34 ஆண்டு பெண் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஆப்கானிஸ்தானில் 2021-லிருந்து ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் அடைத்துவிட்டார்கள். அதை நியாயப்படுத்தும் யாரோடும் எனக்குப் பேச்சு இல்லை.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவில் ஓடுவது அமு தாரியா என்ற ஆறு. தென் கரையில் பெண் குழந்தைக்கு ஏழாம் வகுப்பு இல்லை. வட கரையில் பெண்கள் டாக்டர், என்ஜினீயர், டீச்சர். கிட்டத்தட்ட எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். இரண்டு கரையிலும் ஒரே தொழுகை, ஒரே குர்ஆன். ஆப்கானிஸ்தானின் வடக்கில் உஸ்பெக் மொழி பேசும் மக்களே நிறைய இருக்கிறார்கள். மதமே காரணம் என்றால் இரண்டு கரையும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்? சமன்பாட்டில் இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பதை அடித்துவிட்டு, மீதி என்ன என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தேனா இல்லையா? மதத்தை இரண்டு பக்கமும் அடித்துவிடுங்கள். மீதி இருப்பது ஆட்சி, சட்டம், பள்ளிக்கூடம், நாற்பது ஆண்டுப் போர். விடையை அங்கே தேடுங்கள்.

உடனே "அப்படியென்றால் உஸ்பெகிஸ்தான் சொர்க்கம் என்கிறீர்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை. சமர்கண்டிலிருந்து புகாரா போகும் வழியெல்லாம் பருத்திக்காடு. அக்டோபர் என்பதால் வெள்ளை வெளேரென்று வெடித்துக் கிடந்தது. எங்கள் வழிகாட்டிப் பெண்ணின் அம்மாவும் பள்ளி ஆசிரியை. பருத்திக் காலம் வந்தால் ஆசிரியர்களையும் டாக்டர்களையும் மாணவர்களையும் அரசாங்கமே காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பறிக்க வைத்தது என்று அந்தப் பெண் சொன்னாள். இது உலகம் அறிந்த கொடுமை. வெளிநாட்டு நிறுவனங்கள் பல அந்த நாட்டுப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று ஒதுக்கி வைத்து, 2022-இல்தான் அந்தப் புறக்கணிப்பு விலகியது. அந்தப் பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதில் ஏரல் கடலே வற்றிப்போனது. அதைச் செய்தது கடவுள் இல்லை என்று சொன்ன சோவியத் அரசு. பிறகு வந்த கரிமோவ் ஆட்சியில் பக்தியாக இருந்த முஸ்லிம்களையே சந்தேகப்பட்டு ஆயிரக்கணக்கில் சிறையில் போட்டார்கள். அந்த நாட்டின் நல்லதையும் கெட்டதையும் இப்படித் தனித்தனியாக, காரணத்தோடு பேச முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே மதப் பெயரில் மூட்டை கட்டினால் பேச முடியாது.

இப்போது அந்த மூன்றாவது கருத்துக்கு வருகிறேன். "அங்க நல்லவங்க. நம்ம ஊர்ல இருக்கிறவங்கதான் மோசம்."

இந்த வாக்கியத்தை முகநூலில் முதலில் பார்க்கவில்லை. புகாரா போகும் அந்தப் பேருந்திலேயே கேட்டேன். எங்கள் குழுவில் ஒருவர் மைக்கை வாங்கிப் பேசினார். "எவ்வளவு சுத்தம், எவ்வளவு மரியாதை பாத்தீங்களா? நம்ம ஊர் ஆளுங்க மாதிரி இல்ல" என்றார். இரண்டு வரிசை முன்னால் எங்களோடு வந்த முஸ்லிம் நண்பரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சீறாப்புராணத்தையும் கம்பராமாயணத்தையும் ஒரே குரலில் நடத்தியவர். அவர் திரும்பவில்லை. சன்னல் வழியாகப் பருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மடியிலிருந்த பையின் வாரைச் சரி செய்துகொண்டே இருந்தார்.

நான் எழுந்து, "நம்ம ஊர் ஆளுங்கன்னா யாரு சார்? இவரா?" என்று கேட்டேன். பேருந்து அமைதியாகிவிட்டது. மைக் வைத்திருந்தவர் பதறிப்போய்ச் சொன்னார்: "ஐயையோ, சாரைச் சொல்லல டீச்சர். சார் நம்ம ஆளு!"

அவர் கெட்ட மனிதர் இல்லை. மனதிலிருந்துதான் சொன்னார். அதனால்தான் அந்தப் பதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தெரிந்த முஸ்லிம் "நம்ம ஆளு". எட்டு நாள் பழகிய உஸ்பெக்காரர் "நல்லவர்". தெரியாத முஸ்லிம் மட்டும் "அவனுங்க". அப்படியானால் மோசம் என்று நாம் முடிவு கட்டியிருப்பது யாரை? நாம் ஒருபோதும் பழகியிராதவர்களை. பழகாததைக் குற்றமாக அவர்கள் தலையில் எழுதிவிட்டோம்.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்துபோய் மசூதிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, நீல ஓட்டைத் தடவிப் பார்த்து, "என்ன அழகு" என்றோம். நம் தெருக்கோடியில் இருக்கும் பள்ளிவாசலுக்குள் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்? நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங், ஓர் இந்து. அங்கே நம் பாட்டிமார் மொட்டை போட்டு நேர்ந்துகொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு ரெஜிஸ்தான் தெரியாது, விமானம் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களைத் தெரியும்.

தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரிக்குச் சிலை இருக்கிறது. எல்லோரும் பூ வைத்தோம். 1966 ஜனவரி 10-இல் பாகிஸ்தானோடு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் விடியுமுன் அங்கேயே இறந்துபோனார். அவர் உடலை விமானத்துக்குக் கொண்டு போனபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் அயூப் கான். பாகிஸ்தான் அதிபர். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் இரு நாடும் டாங்கிகளை வைத்து அடித்துக்கொண்டன. போரில் எதிரெதிரே நின்றவர்களுக்கு அது முடிந்தது. நமக்கு ஒரு வீட்டு வாடகைக்குக்கூட மனம் இறங்கவில்லை.

வாடகை என்று சும்மா சொல்லவில்லை. 2004-இல் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பெண் இப்போது வங்கி அதிகாரி. மாற்றலாகி மதுரைக்கு வந்திருக்கிறாள். இரண்டு குழந்தைகள். போனில் எல்லாம் சரியாகப் பேசுவார்களாம். பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சு போச்சும்மா" என்பார்களாம். ஏழு வீடு. அதில் ஒரு வீட்டு வாசலில் "வீடு வாடகைக்கு" பலகை இன்னும் தொங்குகிறது. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த வீட்டுக்காரரும் என் மாணவர்தான். அவளுக்கு மூன்று பெஞ்ச் பின்னால் உட்கார்ந்தவர். என் சமர்கண்ட் படத்துக்கு "சூப்பர் டீச்சர்" என்று எழுதியிருந்தார். இந்தப் பதிவையும் படிப்பார் என்று நம்புகிறேன். பெயர் சொல்லமாட்டேன். வகுப்பில் தப்புச் செய்தவனை எழுப்பி நிறுத்திப் பெயர் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

வீடு உங்களுடையது, யாருக்கு விடுவது என்பது உங்கள் உரிமை என்று சிலர் சொல்வீர்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வார்களா என்று பார்ப்பது உரிமை. அதைக் கேட்பதற்கு முன்பே பெயரைக் கேட்டுவிட்டுப் போனை வைப்பது உரிமை ஆகாது. "கறி சமைப்பாங்க டீச்சர்" என்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ன சமைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுப்பாடம் கொடுக்காமல் எந்த வகுப்பையும் முடித்தவளில்லை. மூன்றே மூன்று.

1. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மதத்தார் எல்லோரையும் சேர்த்துத் திட்டும் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் "இது எந்த ஊரில், என்றைக்கு நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். சண்டை வேண்டாம். எனக்குத் தெரிந்தவரை முக்கால்வாசிச் செய்திகளுக்கு அந்தக் கேள்வியிலேயே மூச்சு நின்றுவிடும்.

2. அடுத்த ரம்ஜானுக்குப் பிரியாணி வாளி வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பொங்கலுக்கு அவர்களை உங்கள் வீட்டில் உட்கார வையுங்கள்.

3. அந்தப் பெண்ணுக்கு வீடு இன்னும் கிடைக்கவில்லை. எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி, அரசரடிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு இருந்தால் எனக்கு மெசேஞ்சரில் சொல்லுங்கள். வாடகைக்கு நான் பொறுப்பு.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். மரியாதையோடு எழுதினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வேன். யாரையும் பெயர் சொல்லித் திட்டினால் கருத்தை நீக்கிவிடுவேன். பதிவைப் பிடிக்காமல் நட்புப் பட்டியலிலிருந்து போகிறவர்கள் போகலாம். ஆனால் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட மறந்துவிடாதீர்கள், வருவேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்